ஹால்ஷ்டாட்: பூ வரைந்த மண்டையோடுகள்

ஆஸ்திரியா போகிறவர்கள் எல்லாரும் ஹால்ஷ்டாட் ஏரிக்கரையில் நின்று படம் எடுத்துப் போடுகிறார்கள், நானும் போட்டேன், சரி. ஆனால் எனக்கு மனதில் நிற்பது மேலே பாறையோடு ஒட்டி நிற்கிற பங்குக் கோயில்தான். பீடத்தில் நடுவே மாதா, இரண்டு பக்கமும் புனித பார்பராவும் கத்தரீனும். எல்லாம் மரச் சொரூபங்கள், லீன்ஹார்ட் ஆஸ்ட்ல் என்ற சிற்பி சுமார் 500 வருடத்துக்கு முன்னால் செதுக்கியவை. பார்பரா சுரங்கத் தொழிலாளிகளுக்குப் பாதுகாவலி, கத்தரீன் மரம் வெட்டுபவர்களுக்கு. உப்புச் சுரங்க ஊர், அந்த உப்புநீரைக் காய்ச்ச மலை மலையாக விறகு வேண்டும், அதனால்தான் இந்த இருவரும்.

அப்புறம் கல்லறைத் தோட்டம் வழியாகப் பக்கத்து மிக்கேல் சிற்றாலயத்தின் அடியில் இருக்கிற எலும்பறைக்குப் போனேன். பயந்துகொண்டேதான் போனேன். 1,200க்கு மேல் மண்டையோடுகள், அதில் 610 வண்ணம் தீட்டியவை. நெற்றியில் இலை வளையம், சிலதில் ரோஜா, நடுவில் பெயரும் ஆண்டும். குடும்பம் குடும்பமாகப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கி வைத்திருப்பதைப் பார்த்ததும் பயம் எங்கே போனதென்று தெரியவில்லை. மலைக்கும் ஏரிக்கும் நடுவே இடமே கிடையாது, அதனால் 10, 15 வருடத்தில் குழியைத் திறந்து அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்களாம், எடுத்த மண்டையோட்டை வெயிலில் வாரக்கணக்கில் வைத்து வெளுக்கவிட்டுப் பிறகு பூ வரைவார்களாம். 1963இல் திருச்சபை தகனத்தை அனுமதித்த பிறகு வழக்கம் குறைந்துபோயிற்று. கடைசியாக வந்தது 1983இல் இறந்த ஒரு பெண்மணியுடையது, 1995இல் வைத்தார்கள். வாயில் தங்கப் பல் ஒன்று அப்படியே இருக்கிறது, நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றதில் படகை விட்டுவிட்டேன்.

மறுமொழி:

கொடுத்து வைத்தவர் நீங்கள். நான் போனது ஜனவரியில், எலும்பறை பூட்டு. குளிருக்கு ஒதுங்கக் கோயிலுக்குள் உட்கார்ந்திருந்தபோதுதான் சின்னப் பீடத்தைக் கவனித்தேன், பெரியதைவிடப் பழையது. அதன் ஓவியப் பலகைகளை 1987இல் யாரோ திருடிக்கொண்டு போக, 30 வருடம் கழித்து இத்தாலியில் கிடைத்ததாம். படிக்கட்டில் பனி உறைந்திருந்தது, இறங்கும்போது பாதியை உட்கார்ந்தே இறங்கினேன்.