முதலில் கேமரா பாடியா, லென்ஸா?

வணக்கம். பறவைப் படம் எடுக்கும் நண்பர்களிடம் ஒரு யோசனை வேண்டும்.

என்னிடம் இருப்பது நிக்கான் டி5600 கேமரா, கூட 70-300 மிமீ ஏஎஃப்-பி லென்ஸ். வேடந்தாங்கலில் கரையில் நின்று எடுத்தால் நத்தைகுத்தி நாரை ஃபிரேமில் சின்னதாகத்தான் வருகிறது. கிராப் செய்தால் கழுத்து இறகின் வரிகள் கலங்கிப் போகின்றன. கையில் உள்ள பணத்துக்கு, செகண்ட்ஹேண்டில் நிக்கான் டி500 பாடியோ (லென்ஸ் இல்லாத கேமரா மட்டும்), பறவையை இன்னும் பெரிதாகக் காட்டும் 200-500 மிமீ எஃப்/5.6 லென்ஸோ, ஏதாவது ஒன்றுதான் வாங்க முடியும்.

என் மனம் லென்ஸ் பக்கம் சாய்கிறது. டி500-இல் 20.9 மெகாபிக்சல், என்னுடையதிலோ 24.2. அதனால் பாடியை மாற்றினால் பறவை கிட்டே வந்துவிடாது. லென்ஸ் என்றால் பின்னாளில் நிக்கானின் புது வகை மிரர்லெஸ் கேமராவுக்குப் போனாலும், பழைய லென்ஸை அதில் பொருத்த உதவும் எஃப்டிஇசட் அடாப்டர் போட்டு ஆட்டோஃபோகஸோடு ஓட்டலாம். வெளிச்சத்தில் மட்டும் பெரிய லாபமில்லை, முழு ஜூமில் எஃப்/6.3-இலிருந்து எஃப்/5.6 (எண் குறைந்தால் வெளிச்சம் கூடும்), அவ்வளவுதான்.

ஆனால் கருப்பு வெள்ளை மீன்கொத்தி அந்தரத்தில் சிறகடித்து நின்று, சட்டென்று தலைகீழாகத் தண்ணீருக்குள் பாயுமே, அந்தக் கணத்தை எடுக்க எனக்கு ரொம்ப ஆசை. அதற்கு என் கேமராவின் 39 ஃபோகஸ் புள்ளிகளும் நொடிக்கு 5 படமும் போதுமா? டி500-இல் 153 புள்ளிகள், நொடிக்கு 10 படம்.

டி5000 வரிசை பாடியில் 200-500 போட்டுப் பறக்கும் பறவை எடுத்தவர்கள் இருக்கிறீர்களா? சுமார் 2.3 கிலோ எடையைக் கையில் பிடித்தே எடுக்க முடிகிறதா, மோனோபாட் (ஒற்றைக்கால் ஸ்டாண்ட்) கட்டாயமா? அப்புறம், பழைய லென்ஸ் வாங்கும்போது பூஞ்சை தவிர வேறு எதையெல்லாம் பார்க்க வேண்டும்? உங்கள் படம் இருந்தால் செட்டிங்ஸோடு போடுங்கள், பெரிய உதவியாக இருக்கும்.