புதுப்பிப்பு: கடற்பாசிச் சாறும் பனையோலைப் பெட்டியும்

ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊர்ப் பக்கத்துப் பெண்கள் சிறுதொழிலாகச் செய்து விற்கும் கடற்பாசி உரத்தையும், நாற்று வளர்க்கும் பனையோலைப் பெட்டியையும் என் தோட்டத்தில் பயன்படுத்தப் போவதாக ஆடியில் எழுதியிருந்தேன். பலன் என்ன என்று பலர் கேட்டதால் இதை எழுதுகிறேன்.

மூங்கில் மிதவைகளில் சுமார் 45 நாள் வளர்த்து அறுக்கும் கப்பாபைகஸ் என்ற கடற்பாசியை, உலர்த்தாமல் பச்சையாகவே அரைத்துப் பிழிந்தெடுக்கும் சாறுதான் அந்த உரம். சாம்பல் சத்து (பொட்டாசியம்) அதில் மிகுதி. லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி போதும் என்று விற்ற அக்கா சொல்லியும், நான் இருமடங்காகக் கலந்ததில் முண்டு மிளகாயின் இலை நுனிகள் கருகிவிட்டன. எங்கள் கிணற்று நீரே கரிக்கும், சாற்றிலும் உப்பு உண்டு என்பதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. பிறகு சேமித்த மழைநீரில் அவர் சொன்ன அளவே கலந்து, வெயில் தாழ்ந்தபின் 15 நாளுக்கொருமுறை தெளித்து வருகிறேன்; தளிர்கள் கரும்பச்சையாக விரிந்து, கணுவுக்குக் கணு பூ நிற்கிறது.

ஓலைப் பெட்டி எனக்கு இன்னும் பிடித்துப்போயிற்று. கத்தரி நாற்றைப் பெட்டியோடு குழியில் இறக்கியதால் வேர் அசையவில்லை, ஒரு நாற்றுகூட வாடவில்லை. அடுத்த நடவுக்கு இருபது பெட்டிகள் சொல்லி வைத்திருக்கிறேன்.