மனசு அமைதியா இருக்க உண்மையிலேயே என்னதான் பண்றதுங்க? (பாசிட்டிவா இருன்னு மட்டும் சொல்லிராதீங்க)

பவர்டேபிள்காரன்:
வணக்கமுங்க எல்லாத்துக்கும். திருப்பூர்ல சின்னதா ஜாப் ஒர்க் யூனிட் வச்சிருக்கேன், ஓவர்லாக் பேட்லாக் எல்லாஞ் சேர்த்து 14 தையல் மெஷின். 2025 ஆகஸ்ட்ல அமெரிக்காக்காரன் நம்ம நாட்டு சரக்குக்கு 50 சதவீதம்னு வரியப் போட்டானே, அப்ப விழுந்ததுதானுங்க. எங்களுக்கு பீஸ் குடுத்துட்டு இருந்த கம்பெனியில பையர் ஆர்டர நிறுத்தி வச்சிட்டான், பழைய பில்லு நாலு மாசமா வரல, ஆளுகளுக்கு சனிக்கிழமை ஆனா சம்பளம் போடணும், மெஷின் லோன் வேற ஓடிட்டு இருக்குது.

சரி தொழில்னா ஏத்தம் எறக்கம் இருக்கும், அது தெரியாமலா இருக்கேன், எங்கப்பாவும் இதே பனியன் தொழில்தான். என்ற பிரச்சனை என்னன்னா ராத்திரி 3 மணிக்கு டக்குனு முழிப்பு வந்துருது. நெஞ்சு பட படன்னு அடிக்குது, அப்ப இருந்து விடியற வரைக்கும் ஒரே கணக்குதான், இத வித்தா அது அடையும், அத அடைச்சா இது நிக்கும்னு. ஃபோன எடுத்து வரி நியூஸ் பாக்கறது, பாத்துட்டு இன்னும் பயப்படறது. காலையில பையன் ஷூ லேஸ் கட்டத் தெரியாம நின்னான்னு அவன போட்டு கத்திட்டேன், ஏழு வயசு அவனுக்கு. சம்சாரம் ஒண்ணுமே சொல்லல, அதுதான் இன்னும் ஒரு மாதிரி ஆயிருச்சு.

யார்கிட்ட சொன்னாலும் "நல்லதே நினைங்க நல்லதே நடக்கும்"கறாங்க. தெனமும் காலையில சூரியன் படத்தோட வாட்ஸ்அப்ல இதே வருது. நல்லத நினைக்க உக்காந்தா ரெண்டு நிமிசம் தாண்ட மாட்டேங்குது, அப்புறம் நமக்கு அதுகூட வரலியேன்னு ஒரு கவலை எக்ஸ்ட்ரா. தியானம், மாத்திரை, கோயிலு, எதுனாலும் சரி, நீங்க உங்க வாழ்க்கையில பண்ணி பாத்தது இருந்தா சொல்லுங்க.

மாடித்தோட்டம்:
அண்ணா நான் சென்னை, பேங்க் வேலை. மூணு மணி முழிப்புன்னு படிச்சதும் லாகின் பண்ணிட்டேன், ஏன்னா ரெண்டு வருஷம் அதுல கிடந்தவ நான்.

முதல்ல தத்துவம்லாம் ஓரமா வைங்க, ரத்தம் குடுங்க. நான் இது மனசுதான் மனசுதான்னு நினைச்சு மூச்சுப்பயிற்சி, விளக்கு பூஜைன்னு எல்லாம் பண்ணேன், ரெண்டு தடவ நெஞ்சு வலின்னு ஈசிஜி கூட எடுத்தேன், நார்மல்னு அனுப்பிட்டாங்க. மூணாவதா பாத்த டாக்டரம்மா தைராய்டு டெஸ்ட் எழுதினாங்க, டிஎஸ்எச் (தைராய்ட வேலை செய்யச் சொல்ற ஹார்மோன்) ஒரேயடியா கீழ கிடந்துச்சு, அதாவது தைராய்டு ஓவரா வேலை செஞ்சிருக்கு. அது இருந்தா படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை, எரிச்சல் எல்லாமே வரும். பாதி பயம் என் கழுத்துல இருந்துதான் வந்திருக்கு, நான் என் மாமியார் கிட்ட இருந்து வருதுன்னு நினைச்சிட்டு இருந்தேன் 😄 உங்களுக்கும் அதேதான்னு சொல்லல, தைராய்டு, சுகர், பிபி, ஹீமோகுளோபின், பி12 பாத்துடுங்க, அவ்ளோதான்.

மீதி பாதி நிஜமாவே மனசுதான். அதுக்கு கவுன்சிலர் சொல்லி குடுத்தது ரெண்டு விஷயம் எனக்கு நின்னுச்சு. ஒண்ணு, கவலைக்குன்னு ஒரு டைம். சாயங்காலம் ஆறரைலேர்ந்து ஏழு வரைக்கும் ஒரு நோட்டோட உக்காந்து எல்லா கவலையையும் எழுதணும், பக்கத்துலயே நாளைக்கு இதுக்கு ஏதாவது செய்ய முடியுமா முடியாதான்னு எழுதணும். ராத்திரி கவலை வந்தா "உனக்கு ஆறரைக்கு அப்பாயின்ட்மென்ட்"னு சொல்லி அனுப்பிடணும். கேக்க காமெடியா இருக்கும், மொத வாரம் வேலையே செய்யல, மூணாவது வாரம் செஞ்சுது. ரெண்டாவது, முழிப்பு வந்து ஒரு இருபது நிமிஷம் ஆகியும் தூக்கம் வரலன்னா படுக்கையில புரளக்கூடாது, எழுந்து ஹால்ல மங்கலான லைட்ல உக்காருங்க, துணி மடிங்க, கண்ணு சொக்குனா திரும்ப போய் படுங்க. புரண்டுட்டே கிடந்தா கட்டில பாத்தாலே உடம்புக்கு கவலைப்படற இடம்னு பதிஞ்சிடுமாம். ஃபோன் வேற ரூம்ல இருக்கட்டும், கடிகாரத்த சுவத்து பக்கமா திருப்பி வைங்க. மணி பாத்தீங்கன்னா உடனே "இன்னும் ரெண்டு மணி நேரம்தான்"னு கணக்கு ஆரம்பிச்சிடும்.

டீ எத்தன குடிக்கிறீங்க? திருப்பூர்னா கேக்கவே வேணாம். டீ காபில இருக்கற கஃபைன் பாதி கரையவே சுமாரா அஞ்சு மணி நேரம் ஆகும்ணா, சாயங்காலம் ஏழு மணி டீ நடுராத்திரில கூட உள்ள நின்னுட்டு இருக்கும்.

கறார்பேர்வழி:
எல்லாரும் நோட்டு எழுது மூச்சு விடுன்னு சொல்றீங்க, அவரு லோன் டியூவ யாரு கட்டுவா? மனுஷனுக்கு காசு வரல, அதான் தூக்கம் வரல, இதுல என்ன மர்மம் இருக்கு. தப்பா எடுத்துக்காதீங்க மேடம், ஆனா பணக்கஷ்டத்துக்கு தியானம் சொல்றது பசிக்கு பாட்டு பாடற மாதிரி.

பாஸ், உத்யம் ரெஜிஸ்ட்ரேஷன் (சிறுதொழில்னு அரசாங்கத்துல பதிஞ்சது) இருக்கா உங்களுக்கு? இருந்தா சிறுதொழில் சட்டப்படி (2006) பில்லு போட்ட பார்ட்டி எழுத்துல ஒப்பந்தம் இருந்தா அதிகபட்சம் 45 நாள்ல, ஒப்பந்தமே இல்லன்னா 15 நாள்ல பணம் குடுக்கணும். தாண்டினா ரிசர்வ் பேங்க் அறிவிக்கற பேங்க் ரேட்ட போல மூணு மடங்கு வட்டி, அதுவும் மாசா மாசம் கூட்டு வட்டி. இதுக்குன்னே அரசாங்கத்தோட ஆன்லைன் போர்ட்டல் இருக்கு, அதுல புகார் போடலாம். போட்டா அந்த கம்பெனி அடுத்த ஆர்டர் தராதுன்னு நீங்க பயப்படறது தெரியுது, அது நியாயம்தான், அதனால மொதல்ல புகார்னு போகாதீங்க, இந்த ரூல சொல்லி மரியாதையா ஒரு லெட்டர் மட்டும் அனுப்புங்க. பல பேர் ஆடிட்டர் கிட்ட அந்த லெட்டர் போனதும் அசைவாங்க, ஏன்னா டைம்க்கு குடுக்காத தொகைய அந்த வருஷ கணக்குல செலவா காட்டறதுக்கும் சிக்கல்.

லோனுக்கு, டியூ 90 நாள் நின்னா கணக்கு வாராக்கடன்ல போயிடும், அதுக்கப்பறம் பேங்க்ல பேசற குரலே வேற. அதுக்கு முன்னாடியே நீங்களா போய் மேனேஜர பாருங்க, தவணைய மாத்தி அமைக்க கேளுங்க. ஒளிஞ்சுகிட்டு இருக்கறதுதான் ராத்திரி மூணு மணிக்கு எழுப்புது.

மாடித்தோட்டம்:
@கறார்பேர்வழி சார் நான் பேங்க்ல லோன் செக்‌ஷன்லதான் இருக்கேன், நீங்க சொன்ன 90 நாள் கரெக்ட், சீக்கிரம் வர்றவங்கள எங்களுக்கும் பிடிக்கும். ஆனா ஒண்ணு சொல்றேன், நாலு நாள் தூங்காத மனுஷனால மேனேஜர் முன்னாடி உக்காந்து ரெண்டு வார்த்த ஒழுங்கா பேச முடியாது. கவுண்டர்ல பாத்துட்டேதான் இருக்கேன். ரெண்டும் வேணும்.

ஆழியார்_ரிட்டயர்டு:
தம்பி, நான் பொள்ளாச்சி பக்கம், கவர்மென்ட் பஸ்ல டிரைவரா இருந்து ஓய்வு. வால்பாறை ரூட்டு மட்டுமே பல வருசம், 40 கொண்டை ஊசி வளைவு, எந்த வளைவுல எத்தன தடவ ஸ்டேரிங் ஒடிக்கோணும்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன்.

ஒரு தடவ கீழ எறங்கும்போது எதுத்தாப்ல வந்த டூவீலர்காரன் வழுக்கி பஸ்சுக்கு முன்னாடி வந்து விழுந்தான். கடவுள் புண்ணியம், ஒரு முழம் இடைவெளில வண்டி நின்னுது, அவனுக்கு முட்டி செராய்ப்புதான். எழுந்திரிச்சு மண்ண தட்டிட்டு போய்ட்டான். நான் போகல. அடுத்த நாள் வண்டியில ஏறி உக்காந்தா கை நடுங்குது, கியர் போட முடியல. 20 வருச சர்வீசு, கிளீனர் பையன் மாதிரி அழுதுட்டு எறங்கி வந்துட்டேன். ஊட்டுல உக்காந்தேன், எல்லாரும் தைரியமா இருங்கன்னாங்க. தைரியம் என்ன கடைல வாங்கறதா. உக்கார உக்கார பயம் பெருசாச்சே தவிர கொறையல.

டெப்போவுல இருந்த ஒரு பெரிய மனுசன்தான் கூப்பிட்டு, வால்பாறை வேண்டாம், நீ டெப்போவுக்குள்ள வண்டிய எடுத்து வாட்டர் சர்வீசுல விட்டுட்டு வா போதும்னாரு. ஒரு வாரம் அதேதான், ஐம்பது அடி தூரம், சின்ன பசங்க எல்லாம் பாத்து சிரிச்சானுக. அப்புறம் டவுன் பஸ்சு. அப்புறம் ஆழியார் வரைக்கும். மூணு மாசம் கழிச்சுத்தான் மலை. மேல போய் சேந்த அன்னிக்கு ஒண்ணும் பெருசா தோணல, பசி எடுத்துச்சு, ரெண்டு புரோட்டா தின்னேன்.

இன்னொண்ணு, மலையில மூடுபனி கட்டும்போது புதுசா வர்ற டிரைவர் என்ன பண்ணுவான்னா ஒண்ணும் தெரியலியேன்னு ஹைபீம் போடுவான். போட்டா வெளிச்சம் பனியில பட்டு திரும்ப நம்ம கண்ணுலயே அடிக்கும், இருந்ததும் போச்சு. டிம் பண்ணோணும், அப்ப ரோட்டு ஓரம் வெள்ளைக்கோடு பத்தடி தெரியும். நீங்க ராத்திரி மூணு மணிக்கு அமெரிக்கா நியூஸ் பாக்கறேன்னீங்களே, அது ஹைபீமுங்க தம்பி.

பையன்கிட்ட சாரி சொல்லிட்டீங்களா?

அரைகுறை_சைக்காலஜி:
ஐயா அந்த டெப்போ பெரியவர் பண்ணது அப்படியே நாங்க புக்ல படிச்சது, சிலிர்த்துருச்சு. எம்எஸ்சி சைக்காலஜி முடிச்சிட்டு இப்ப வேற வேலை பாக்கறேன், அதனாலதான் இந்த பேரு.

1967 வாக்குல அமெரிக்காவுல செலிக்மேன், மேயர்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் நாய்கள வச்சு ஒரு சோதனை பண்ணாங்க (கொடுமையான சோதனைதான், ஷாக் குடுத்து). என்ன பண்ணாலும் ஷாக் நிக்காதுன்னு பழகின நாய்ங்கள்ல பெரும்பாலானது, அப்புறம் தப்பிக்க வழி இருந்தும் அப்படியே படுத்துகிச்சு. இதுக்கு கற்றுக்கொண்ட கையறு நிலைன்னு பேரு வச்சாங்க, உலகம் பூரா பாடமாச்சு. விஷயம் அது இல்ல. கிட்டத்தட்ட 50 வருஷம் கழிச்சு 2016ல அதே ரெண்டு பேரும் நாங்க தலைகீழா சொல்லிட்டோம்னு எழுதினாங்க. தொடர்ந்து அடி வாங்கினா முடங்கிப் படுக்கறது யாரும் கத்துக்கறது இல்லியாம், மூளையோட இயல்பே அதுதானாம். கத்துக்கறது எதுன்னா, "நான் செஞ்சா ஏதோ மாறுது"ங்கறது. அத ஒரு தடவ அனுபவிச்சுட்டா நெத்திக்குப் பின்னாடி இருக்கற பகுதி, மூளைத்தண்டுல இருந்து வர்ற அந்த பயக் கூச்சல அடக்குதுன்னு எலிகள வச்சு காட்டினாங்க.

அதனால பவர்டேபிள் அண்ணா, நல்லத நினைக்க முடியலன்னு கவலைப்படாதீங்க, நினைப்புல இருந்து நம்பிக்கை வர்றத விட கையில இருந்து வர்றதுதான் ஜாஸ்தின்னு நான் நினைக்கறேன். கறார் அண்ணன் சொன்ன லெட்டர் இருக்கே, பணம் வருதோ இல்லியோ, அது உங்களுக்கு டெப்போவுக்குள்ள ஐம்பது அடி.

படபடப்பு வரும்போது மட்டும் ஒரு சின்ன வேலை, மூச்ச இழுக்கறத விட விடறது நீளமா இருக்கட்டும், நாலு எண்ணி இழுத்து ஆறு ஏழு எண்ணி விடுங்க, அஞ்சு நிமிஷம். மூச்ச வெளிய விடும்போதுதான் இதயத் துடிப்பு இயல்பாவே கொஞ்சம் குறையும்.

அப்புறம் 14416, டெலி மானஸ். 2022 அக்டோபர்ல மத்திய அரசு ஆரம்பிச்சது, 24 மணி நேரமும் இலவசம், தமிழ்லயே பேசலாம். மூணு மணிக்கும் எடுப்பாங்க. ஒருவேளை வாழவே வேணாம்ங்கற மாதிரி நினைப்பு ஏதாவது எட்டி பாத்தா அன்னிக்கே போடுங்க, மறுநாள்னு தள்ளாதீங்க. கேக்கறது தப்புன்னா மன்னிச்சிருங்க, கேக்காம விடறது அதவிட தப்பு.

மௌனராகி:
தியானம் பத்தி கேட்டீங்க இல்ல. நான் சென்னை திருநீர்மலை பக்கத்துல இருக்கற விபாசனா தியான சென்டர்ல பத்து நாள் இருந்தேன். ஃபீஸ் கிடையாது, முடிச்சவங்க விருப்பப்பட்டா குடுக்கலாம். காலைல 4 மணிக்கு மணி அடிப்பாங்க, ஃபோன் வாங்கி வச்சுக்குவாங்க, யார்கிட்டயும் பேசக்கூடாது, மொத மூணு நாள் மூக்கு நுனில மூச்ச பாக்கறது மட்டும்தான். எனக்கு நல்லா இருந்துச்சு, ஆனா உங்களுக்கு இப்ப சொல்ல மாட்டேன். மூணாவது நாள் என் தலைக்குள்ள இருந்த எல்லா கடன்காரனும் வரிசையா வந்தான், ஓடறதுக்கு இடமே இல்ல. விண்ணப்பத்துலயே மனநல பிரச்சனை இருக்கான்னு கேப்பாங்க, அங்க வைத்தியம் பாக்கறது இல்ல. தூக்கம் கொஞ்சம் சரியாகட்டும், அப்புறமா போங்க.

பவர்டேபிள்காரன்:
லேட்டுக்கு மன்னிக்கோணும், பன்னெண்டு நாள் ஆச்சு. எல்லாத்துக்கும் ரொம்ப நன்றிங்க.

அரைகுறை தம்பி கேட்டது தப்பே இல்ல. அந்த மாதிரி நினைப்பு ஒரு தடவ வந்துச்சு, போன மாசம், மொட்டை மாடியில. யார்கிட்டயும் சொல்லல. நீங்க எழுதினத படிச்ச அன்னிக்கு ராத்திரி 14416 போட்டேன், ஒரு பொண்ணு எடுத்துச்சு, அரை மணி நேரம் நான்தான் பேசினேன். அடுத்த நாள் சம்சாரத்துகிட்ட சொல்லிட்டேன், அழுதுச்சு, அப்புறம் கணக்கு நோட்ட கொண்டான்னுச்சு.

ரெண்டு பேரும் உக்காந்து மொத்தக் கடனையும் எழுதினோம். என்ற தலைக்குள்ள இருந்த நம்பர விட நிஜ நம்பர் சின்னதுங்க, ஒரு சீட்டு பாக்கிய நான் ரெண்டு தடவ கணக்கு போட்டு வச்சிருக்கேன். பேங்க்ல போய் பாத்தாச்சு, எழுதி குடுங்க பாக்கலாம்னிருக்காங்க. கம்பெனிக்கு லெட்டர் போயிருக்குது, பணம் இன்னும் வரல. ஆறு மெஷின்ல உள்ளூர் நைட்டி ஆர்டர் எடுத்து ஓட்டறேன், மார்ஜின் ஒண்ணும் பெருசா இல்ல, ஆனா மெஷின் சத்தம் கேக்குது. ரத்தம் குடுத்திருக்கேன், ரிசல்ட் நாளைக்கு.

முழிப்பு இப்பவும் வருது, மூணே முக்கால் ஆயிருக்குது. எழுந்து வந்து சும்மா இருக்காம பையன் யூனிஃபார்ம் மடிச்சு வைக்கறேன். ரிட்டயர்டு அண்ணா, அவன்கிட்ட சாரி சொன்னேன், எதுக்குப்பான்னு கேட்டான், மறந்தே போச்சாம்.

ஒரே ஒரு டவுட்டு. டீய சுத்தமா நிறுத்திட்டேனுங்க, ஒரு நாளைக்கு எட்டு ஒம்போது குடிச்சவன். மூணு நாளா மண்டையப் பொளக்குது, இது டீ விட்டதாலதானா இல்ல வேற ஏதாச்சுமா?

மாடித்தோட்டம்:
எட்டு ஒம்போதா!! அண்ணா நான் சாயங்காலத்து டீய குறைக்கதானே சொன்னேன், ஒரேயடியா விட்டா தலைவலி வரும், ஒரு வாரம் பத்து நாள்ல போயிடும். காலைல ஒண்ணு, பதினோரு மணிக்கு ஒண்ணு குடிங்க. அப்புறமும் வலிச்சா நாளைக்கு ரிசல்ட் வாங்கப் போறப்ப டாக்டர்கிட்ட இதையும் சொல்லுங்க. டிஎஸ்எச் எவ்ளோன்னு வந்து இங்க எழுதுங்க.

ஆழியார்_ரிட்டயர்டு:
ஒண்ணு இஞ்சி டீயா போடச் சொல்லுங்க.