வருகை நெருங்கிவிட்டது என்றால் படிப்பை விட்டுவிடலாமா?

பெரேயன்:
இந்த வாரம் எங்கள் சபை வாட்ஸ்அப் குழுவில் ஓர் அட்டவணை வந்தது. 1948இல் இஸ்ரவேல் நாடு உருவானது, 1967இல் எருசலேம் முழுவதும் அவர்கள் கைக்குப் போனது, அப்புறம் இன்றைய போர்கள். எல்லாவற்றையும் கோடு போட்டு இணைத்து, இன்னும் 7 வருடத்துக்குள் ஆண்டவராகிய இயேசுவின் இரண்டாம் வருகை என்று முடித்திருந்தார்கள். அதற்குக் கீழே ஒரு தம்பி, "அப்படியானால் நான் ஏன் படிப்பை முடிக்க வேண்டும்?" என்று கேட்டிருந்தார். யாரும் பதில் சொல்லவில்லை. "ஆமென்" மட்டும் வரிசையாக வந்து விழுந்தது.

வருகையை முழுமனதோடு விசுவாசிக்கிறவன் நான். ஆனால் அந்தத் தம்பியின் கேள்வியை அப்படியே விட்டுவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. 2 பேதுரு 3ஆம் அதிகாரத்தில் வானமும் பூமியும் வெந்து அழியும் என்று எழுதிய பேதுரு, உடனே கேட்பது "நீங்கள் எப்படிப்பட்டவர்களாயிருக்கவேண்டும்" என்பதைத்தான். எந்தத் தேதியில் என்று ஒரு வார்த்தை இல்லை. நம்முடைய அட்டவணைகளில் நாள் மட்டும்தான் இருக்கிறது.

காவற்காரன்:
சகோதரரே, அந்த அட்டவணையைக் குழுவில் போட்டவன் நான்தான். அடையாளங்களைப் பார்க்கச் சொன்னவர் ஆண்டவர். வானத்தின் தோற்றத்தை நிதானிக்கிறீர்களே, காலங்களின் அடையாளங்களை நிதானிக்க முடியாதா என்று பரிசேயரைக் கடிந்துகொண்டார் (மத்தேயு 16:3). லூக்கா 21இல் எருசலேம் சேனைகளால் சூழப்படும்போது மலைகளுக்கு ஓடிப்போங்கள் என்றார். கி.பி. 70இல் ரோமத் தளபதி தீத்துவின் படை நகரத்தை அழித்தபோது அங்கிருந்த விசுவாசிகள் முன்னமே யோர்தானுக்கு அப்பாலுள்ள பெல்லா என்ற ஊருக்குப் போய்விட்டார்கள் என்று பழங்கால சபை வரலாற்றாசிரியர் யூசேபியஸ் எழுதுகிறார். அடையாளத்தைக் கவனித்தவன் பிழைத்தான்.

நோவாவின் காலத்து ஜனங்களை எண்ணிப் பாருங்கள். புசித்தார்கள், குடித்தார்கள், பெண் கொண்டார்கள், பெண் கொடுத்தார்கள். ஜலப்பிரளயம் வந்து வாரிக்கொண்டு போகும்வரை உணரவில்லை. "வழக்கம்போல வாழுங்கள்" என்று நீங்கள் சொல்வது அந்தத் தூக்கம்தான்.

தோமா:
பெல்லா விஷயத்தில் ஒரு திருத்தம். சபையின் தலைவர்களுக்குக் கிடைத்த ஒரு வெளிப்பாட்டினால் அவர்கள் நகரத்தை விட்டார்கள் என்றுதான் யூசேபியஸ் சொல்கிறார், கணக்குப் போட்டு அல்ல. லூக்கா 21இல் ஆண்டவர் கொடுத்த அடையாளமும் கண்ணுக்கு முன் நிற்கும் சேனை. எந்த வருடம் என்று அவர் சொல்லவில்லையே.

பெரேயன்:
நோவாவைப் பற்றிச் சொன்னது நல்ல எதிர்வாதம். ஆனால் அந்த ஜனங்கள் செய்த தப்பு சாப்பிட்டதும் கல்யாணம் செய்ததுமா? தேவனுடைய வார்த்தையைச் சட்டை பண்ணாமல் அதையெல்லாம் செய்ததுதான். நோவா என்ன செய்தான்? பேழைக்காகக் கொப்பேர் மரத்தை அறுத்து, உள்ளும் புறமும் கீல் பூசிக்கொண்டிருந்தான். முடிவு வருகிறது என்று உறுதியாகத் தெரிந்த மனிதனின் கையில் வேலை இருந்தது.

நாள் குறித்ததன் விளைவும் நமக்குத் தெரியாததல்ல. அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்ற பிரசங்கியார் தானியேல் 8:14இன் 2300 நாட்களை 2300 வருடங்களாக எடுத்துக்கொண்டு, கி.மு. 457லிருந்து எண்ணினார். அவருடைய இயக்கம் கடைசியாக 1844 அக்டோபர் 22 என்று நாளையே குறித்தது. சில விவசாயிகள் விளைச்சலை அறுக்காமலே விட்டார்கள். அந்த நாள் வந்தது, போனது. 2011இல் ஹெரால்ட் கேம்பிங் என்ற அமெரிக்க வானொலிப் பிரசங்கியார் மே 21 என்றார், அது பொய்த்ததும் அக்டோபர் 21 என்றார். சேமிப்பையெல்லாம் கொட்டி விளம்பரம் செய்தவர்கள் உண்டு.

இப்போது தானியேல் 8ஆம் அதிகாரத்தின் கடைசி வசனத்தை வாசியுங்கள். 2300 என்ற எண்ணைத் தன் காதால் கேட்ட தானியேல் சோர்ந்து சில நாள் வியாதியாய்க் கிடந்தான். பிறகு எழுந்திருந்து ராஜாவின் வேலையைச் செய்தான். தரிசனம் அவனைத் திகைக்க வைத்தது என்றும் அதே வசனம் சொல்கிறது. புரியவில்லை, ஆனாலும் வேலைக்குப் போனான். மில்லர் கணக்குப் போட்ட அதே அதிகாரத்தில்தான் இந்த வசனமும் இருக்கிறது. அந்தத் தம்பிக்கு நான் காட்ட விரும்புவது இதைத்தான்.

காவற்காரன்:
தானியேலை நீங்கள் பாதியில் நிறுத்துகிறீர்கள். அடுத்த அதிகாரத்திலேயே எரேமியாவின் புஸ்தகத்தை வைத்து எருசலேம் பாழாய்க் கிடக்கும் காலம் 70 வருடம் என்று இலக்கத்தை அறிந்துகொள்கிறான் (9:2). கணக்குப் பார்ப்பது பாவம் என்றால் தானியேலும் பாவி. மில்லர் தவறினார் என்பதற்காக வேதத்தில் இருக்கும் எண்களை மூடி வைக்க முடியாது.

பவுலையும் பாருங்கள். காலம் குறுகினது, மனைவியுள்ளவர்கள் மனைவியில்லாதவர்கள்போல இருக்கட்டும், கொள்ளுகிறவர்கள் கொள்ளாதவர்கள்போல இருக்கட்டும் என்கிறார் (1 கொரிந்தியர் 7). வழக்கமான வாழ்க்கையின் பிடியைத் தளர்த்தச் சொல்கிறார். இன்றைய விசுவாசிகள் வீட்டு லோனைப் பற்றிப் பேசும் ஆர்வத்தில் பாதியாவது வருகையைப் பற்றிப் பேசுகிறார்களா? இதுதான் என் வேதனை. பயமுறுத்தி எனக்கு ஆகவேண்டியது ஒன்றுமில்லை.

மார்த்தாள்:
அண்ணா, உங்கள் பாரம் எனக்குப் புரிகிறது. ஆனால் பயத்தைப் பற்றி நான் சொல்லியே ஆகவேண்டும். சிறுமியாக இருந்தபோது ஒருநாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தேன். கதவு திறந்து கிடந்தது, அம்மாவின் செருப்பு வாசலில் இருந்தது, அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது, வீட்டில் ஒருவரும் இல்லை. ஆண்டவர் விசுவாசிகளைத் திடீரென்று எடுத்துக்கொள்ளும் இரகசிய வருகை நடந்துவிட்டது, நான் மட்டும் கைவிடப்பட்டேன் என்று நினைத்தேன். அடுப்பை அணைக்கக்கூடத் தோன்றவில்லை. மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்து, செய்த பாவங்களை ஒவ்வொன்றாகச் சொல்லி அழுதேன். அம்மா பக்கத்து வீட்டில் யாரோ மயங்கி விழுந்தார்கள் என்று ஓடியிருந்தார்.

அதன்பின் பல வருடம் ஆண்டவர் வருகிறார் என்ற பாட்டு எனக்குச் சந்தோஷமாகவே இருந்ததில்லை. வளர்ந்து 1 தெசலோனிக்கேயர் 4ஐ நிதானமாக வாசித்தபோதுதான் பார்த்தேன். எடுத்துக்கொள்ளப்படுவதைப் பற்றிய அந்தப் பகுதியைப் பவுல் எழுதியது, அன்பானவர்களைப் புதைத்துவிட்டுத் துக்கத்தில் இருந்தவர்களுக்கு. "இந்த வார்த்தைகளினாலே ஒருவரையொருவர் தேற்றுங்கள்" என்றுதான் முடிக்கிறார். ஆறுதலுக்காகக் கொடுத்ததை எடுத்துப் பிள்ளைகளை மிரட்ட நமக்கு யார் உரிமை கொடுத்தார்கள்?

காவற்காரன்:
சகோதரி, பிள்ளைகளை அப்படிப் பயமுறுத்துவதை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் பத்துக் கன்னிகைகளின் உவமையில் கதவு அடைக்கப்பட்டதும் ஆண்டவர் சொன்னதுதான். அதைப் பெரியவர்களுக்காவது சொல்லாமல் இருக்க முடியாது.

பெரேயன்:
சொல்லுங்கள். ஆனால் மத்தேயு 25ஐ முழுவதும் சொல்லுங்கள். கன்னிகைகளுக்கு அடுத்து, எஜமான் ஊழியரிடம் ஒப்படைத்த பணமாகிய தாலந்துகள், அதற்கு அடுத்து பசியாயிருந்தவனுக்குப் போஜனம் கொடுத்தவர்கள். எஜமான் வரத் தாமதித்த அந்தக் காலத்தில் தாலந்தைப் புதைத்தவன்தான் தண்டிக்கப்பட்டான். அந்தத் தம்பி படிப்பை விடுவதும் தாலந்தைப் புதைப்பதாகவே எனக்குப் படுகிறது.

70 வருடம் பற்றி: அந்த எண்ணை எரேமியா மூலம் கர்த்தரே கொடுத்தார், தானியேல் வாசித்தான். வாசித்ததும் இரட்டுடுத்தி, சாம்பலில் உட்கார்ந்து, ஜனத்தின் பாவத்தை அறிக்கை செய்தான். மனுஷகுமாரன் வரும் நாளுக்கு அப்படி ஓர் எண் கொடுக்கப்படவில்லை. பிதா ஒருவர் தவிர மற்றொருவனும் அறியான் என்று சொல்லப்பட்டிருக்கிறது. நீங்கள் காட்டிய அதே 1 கொரிந்தியர் 7இல், அவனவன் அழைக்கப்பட்ட நிலைமையிலே நிலைத்திருக்கக்கடவன் என்றும் பவுல் எழுதியிருக்கிறார்.

அந்த எரேமியாவே என்ன செய்தான்? பாபிலோன் சேனை எருசலேமை முற்றுகையிட்டிருக்கிறது. அவன் காவல் முற்றத்தில் அடைபட்டிருக்கிறான். நகரம் விழும் என்று சொன்னதும் அவன்தான். அந்த நேரத்தில் ஆனதோத்தில் உள்ள நிலத்தை 17 சேக்கல் வெள்ளி எண்ணிக் கொடுத்து வாங்குகிறான். சாட்சி வைத்து, முத்திரை போட்டு, பத்திரத்தை மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறான்.

காவற்காரன்:
திரும்பி வருவார்கள் என்ற தீர்க்கதரிசனம் தெரிந்ததால்தான் வாங்கினான்! நான் சொல்வதும் அதுவே. தீர்க்கதரிசனம் தெரியாதவனுக்கு அந்தத் தைரியம் எங்கிருந்து வரும்? உங்கள் சபையில் வெளிப்படுத்தின விசேஷத்தைத் திறந்து எவ்வளவு காலம் ஆகிறது, சொல்லுங்கள்.

பெரேயன்:
அதில் உங்களோடு சண்டை இல்லை. எங்கள் சபையில் அந்தப் புஸ்தகத்தைத் தொடுவதே இல்லை, அது குறைதான். ஏழு சபைகளுக்கு எழுதிய நிருபங்களிலிருந்து வாலிபர் கூட்டத்தில் ஆரம்பிக்கலாம் என்று ஆயரிடம் கேட்கிறேன். ஆனால் அட்டவணையிலிருந்து 7 வருடத்தை எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அந்தத் தம்பிக்கு நீங்களே நேரில் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

காவற்காரன்:
7 வருடத்தை எடுத்துவிடுகிறேன், படிப்பை முடிக்கச் சொல்லித் தம்பியிடமும் நானே பேசுகிறேன். 1948ஐ எடுக்க மாட்டேன். உலர்ந்த எலும்புகள் உயிர்பெறுவதுபோல இஸ்ரவேல் தன் தேசத்துக்குத் திரும்பும் என்ற எசேக்கியேல் 37 நம் கண்முன் நிறைவேறியது அது.

தோமா:
உலர்ந்த எலும்புகளின் தரிசனம் பாபிலோனிலிருந்து திரும்பியபோதே நிறைவேறத் தொடங்கிவிட்டது என்பது என் வாசிப்பு. இங்கே இழுக்க வேண்டாம், அதற்குத் தனித் திரி தொடங்குகிறேன்.