புதுப்பிப்பு: தொட்டபெட்டா சைக்கிள் ஏற்றமும் திரண்ட நிதியும்

இறுதிக்கால நோயாளிகளைப் பராமரிக்கும் இல்லத்துக்காக மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி வழியே 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டாவுக்குச் சைக்கிளில் ஏறப்போவதாக முன்பு எழுதியிருந்தேன்; ஏறி முடித்துவிட்டேன். கொண்டை ஊசி வளைவுகளைவிட, கட்டபெட்டுக்கு மேல் எதிர்காற்றோடு வந்த மூடுபனிதான் படுத்தியது; கியர் மாற்றும் விரல்கள் மரத்துப்போகவே, தேநீர்க் கடையொன்றில் கண்ணாடித் தம்ளரை இரு கைகளாலும் பற்றியபடி வெகுநேரம் நின்றேன்.

திரண்ட பணத்தில் இல்லத்துக்குக் கட்டில்கள் வாங்கலாமே என்று சிலர் கேட்டிருந்தீர்கள். வலி தணிக்கும் மார்ஃபின் மாத்திரை விலை குறைவுதான். போதைப்பொருள் சட்டத்தில் 2014-ஆம் ஆண்டு செய்யப்பட்ட திருத்தம் அதைப் பெறும் நடைமுறையையும் எளிதாக்கியது. கட்டிலையும் மருந்தையும்விட இல்லத்தாருக்குக் கையைக் கடிப்பது, மலைக் கிராமங்களில் படுத்த படுக்கையாக இருப்பவர்களை வீடு தேடிச் சென்று பார்க்கும் செவிலியரின் சம்பளமும் ஜீப்புக்கான டீசலுமே. ஆகவே தொகை முழுவதும் அதற்கே செல்கிறது. ரசீது கிடைக்காதவர்கள் தெரிவிக்கவும்.