கோழிகள் அலகைத் திறந்தபடியே நிற்கின்றன, நோயா?

கொட்டாஞ்சேனைக்காரி:
வீட்டு மேல்தட்டில் தகரம் போட்ட கூட்டில் ஐந்து பேடுகள் வளர்க்கிறேன். பங்குனிக் கடைசியிலிருந்து பத்து மணி தாண்டினால் போதும், ஐந்தும் அலகைத் திறந்து, செட்டையை உடம்பில் ஒட்டாமல் விரித்துக்கொண்டு நிற்கின்றன. தொண்டை படபடவென்று துடிக்கிறது. தீனி பாதி அப்படியே கிடக்கிறது. நேற்று எடுத்த முட்டை கையிலேயே நெளிந்தது, ஓடு காகிதம் மாதிரி. மருந்து கொடுக்க வேண்டுமா? ஐஸ் தண்ணீரில் முக்கி எடுக்கலாமா? சாம்பல் பேடு அம்மா கடைசியாக வாங்கித் தந்தது. அதற்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது.

பழைய கோழிக்காரன்:
முக்கிவிடாதீர்கள் தங்கச்சி, அந்த அதிர்ச்சியிலேயே செத்துப்போகலாம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இது நோயில்லை, வெக்கை. இந்த நாட்களில் கொழும்பில் சூரியன் உச்சிக்கு நேரே நிற்கும், உங்கள் தகரம் அடுப்பு மாதிரிக் கொதிக்கும்.

கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. உடம்புச் சூடே 41 பாகை செல்சியஸ் அளவு. தொண்டை ஈரத்தைக் காற்றில் ஆவியாக்கித்தான் சூட்டை வெளியேற்றும். நம் கடற்கரைக் காற்றில் ஏற்கெனவே ஈரம் அதிகம், ஆவியாவது மெல்லத்தான் நடக்கும். அதனால்தான் மணிக்கணக்காக மூச்சு இளைக்கின்றன.

முட்டையும் அதனால்தான். ஓடு என்பது கல்சியம் காபனேற்று. விடாமல் இளைத்தால் இரத்தத்திலுள்ள காபனீரொட்சைட்டு அளவுக்கு மீறி வெளியேறிவிடும், ஓடு கட்ட வேண்டிய காபனேற்றுக்குத் தட்டுப்பாடு. தீனி குறைந்தால் கல்சியமும் குறையும்.

தீனி செரிக்கும்போதும் உடம்பு சூடாகும். ஆகவே விடிய ஐந்தரைக்கும் பொழுதுபட்ட பிறகும் போடுங்கள், நடுப்பகலில் வேண்டாம். தகரத்தின் மேல் நனைத்த சாக்கு விரியுங்கள். அகலமான பேசினில் சாதாரண குழாய்த் தண்ணீர் வையுங்கள், நின்றால் கால் நனைய வேண்டும். இறகில்லாத காலும் கொண்டையும்தான் சூட்டை வெளியே விடும் இடங்கள். தனியாக ஒரு கிண்ணத்தில் சிப்பித்தூள். ஏதாவது ஒன்று படுத்து எழும்பாவிட்டால் உடனே நிழலுக்குத் தூக்கி வந்து காலை நனைத்து ஃபேன் போடுங்கள்.

வெள்ளவத்தை வாய்க்கால்:
பேர வாவியில் கூழைக்கடாக்களும் இதைத்தான் செய்கின்றன அக்கா, அலகுக்குக் கீழேயுள்ள பையை ஆட்டி ஆட்டி. எங்கள் வாய்க்கால் கரைக் கபரகொய்யா, அதுதான் தண்ணீரில் திரியும் பெரிய உடும்பு, வேறு மாதிரி. காலையில் வெயிலில் நீட்டிப் படுக்கும், வெயில் ஏறினால் தண்ணீருக்குள் இறங்கும். அதன் உடம்பு தனக்கான சூட்டைத் தானே உண்டாக்குவதில்லை. சும்மா கிடக்கும்போது அதே எடைப் பாலூட்டிக்கு ஆகும் சக்தியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு போதும். ஒருமுறை நன்றாக விழுங்கினால் நாட்கணக்கில் பேசாமல் கிடக்கும். கோழியின் அடுப்பை அப்படி அணைக்க முடியாது, அதனால்தான் இந்தப் பாடு.

கொட்டாஞ்சேனைக்காரி:
சாக்கு போட்டேன், பேசினும் வைத்தேன். சாம்பல் பேடு இரண்டு காலையும் உள்ளே வைத்துக்கொண்டு கண்ணை மூடி நின்றது, கூப்பிட்டும் அசையவில்லை. பின்னேரம் அலகு மூடியிருந்தது. பக்கத்துக் கடையில் சிப்பித்தூள் இல்லை என்கிறார்கள், என்ன செய்ய?

பழைய கோழிக்காரன்:
வீட்டு முட்டை ஓடுகளைக் கழுவி, வறுத்து, நன்றாக நொறுக்கிப் போடுங்கள். முட்டை என்று தெரியாத அளவுக்கு நொறுங்க வேண்டும், இல்லாவிட்டால் கொத்திப் பழகிவிடும்.