புளோயர் போட்ட காரும் கிரவுன் பினியனும்: நேர்ல பாத்ததைச் சொல்லுங்க (இணைய மன்ற இழை; ஒவ்வொரு பதிவுக்கும் மேல இருக்கறது எழுதுனவரோட பேரு)

சத்தி ரோடு

திம்பம், எட்டாவது கொண்டை ஊசி வளைவு. பண்ணாரியில இருந்து ஏறுற 1300 சிசி காரு, ஏ.எம்.ஆர். 500 புளோயர் (காத்தை நசுக்கி இன்ஜினுக்குள்ள தள்ளற சூப்பர்சார்ஜர்), 6 பி.எஸ்.ஐ பூஸ்ட், அதாவது வெளிக்காத்தை விட அவ்வளவு எச்சா அழுத்தம். ரெண்டாவது கியர், ஆக்சிலேட்டர் முழுசா அமுக்கியிருக்கு. புளியங்கொட்டையத் தகர டப்பாவுல போட்டுக் குலுக்குன மாதிரி ஒரு சத்தம். நாக்கிங், அதாவது பெட்ரோல் கலவை நேரங்கெட்டு வெடிக்கற சத்தம். மூணு நொடி கூட இருக்காதுங்க. பொறவு ஒண்ணுமே நடக்காத மாதிரி வண்டி ஏறிருச்சு.

மேல போயி ஆறவிட்டுப் பிளக்கைக் கழட்டுனா, மூணாவது சிலிண்டர்ல பீங்கான் மேல மிளகுப்பொடி தூவுன மாதிரி கறுப்புப் புள்ளி. அதுக்கு நடுவுல ஊசிமுனை அளவுக்கு ரெண்டு வெள்ளி மணி. அந்த வெள்ளி, பிஸ்டனோட அலுமினியம். அந்த மூணு நொடியில பிஸ்டன் தலையில இருந்து உதிர்ந்து வந்து ஒட்டியிருக்கு.

இதே வண்டி அவினாசி ரோட்டுல எத்தனை தடவை அமுக்குனாலும் சத்தம் போட்டதில்ல. சமதரையில முழு த்ராட்டில் எட்டுப் பத்து நொடிதான் நிக்கும். திம்பத்துல நிமிசக் கணக்கா நிக்குது, வண்டி 30ல ஊருது, ரேடியேட்டருக்கு எதிர்க்காத்தே இல்ல.

பாத்த வரைக்கும் தப்பு மூணு. டைமிங் (பிளக் பொறி விடற நேரம்) கம்பெனி செட்டிங்லயே இருந்துச்சு. பிளக் பழைய ஹீட் ரேஞ்ச் (பிளக் சூட்டைக் கடத்தற அளவு), இடைவெளி 1.1 மி.மீ. ஃப்யூயல் பிரஷர் ரெகுலேட்டரோட வேக்குவம் ஹோஸைக் கழட்டிக் காத்தாட விட்டிருந்தாங்க. கடைசியா சொன்னதுதான் ஆளக் கொல்ற தப்பு. ஃப்யூயல் ரயில்ல (இன்ஜெக்டருக்குப் பெட்ரோல் குடுக்கற குழாய்) 3 பார் பிரஷர். மேனிஃபோல்டுல 0.41 பார் பூஸ்ட் வந்தா இன்ஜெக்டர் நுனியில மிச்சம் 2.59 பார்தான். பெட்ரோல் சுமார் 7 சதவீதம் கொறையுது, அதுவும் எச்சா வேணுங்கற நேரத்துல. ஹோஸை மேனிஃபோல்டுல மாட்டுனா பூஸ்ட் ஏற ஏற ரயில் பிரஷரும் ஒட்டுக்கா ஏறும்.

கேள்வி இதுதான். இப்போ ஃபைனல் டிரைவ் (கியர் பெட்டிக்கும் சக்கரத்துக்கும் நடுவுல இருக்கற கடைசிப் பல்சக்கர விகிதம்) 4.10. அதை 4.39 ஆக்குனா மலையில இன்ஜினுக்குப் பாரம் கொறையுமுங்களா?

திருச்செங்கோடு ரிக்

தம்பி, கியருக்கு அப்பறம் வரலாம். நீங்க சொன்ன மூணு தப்பும் சரி. ஆனா மூணையும் சரி பண்ணுனாக்கூட அதே வளைவுல அதே சத்தம் வரும். காத்தோட சூட்டைப் பத்தி நீங்க ஒரு வார்த்தை எழுதல.

நம்மூருல போர்வெல் வண்டி கம்ப்ரசர் பாக்காத ஆளு இல்ல. அதுல ஸ்க்ரூ சுத்துறப்பவே உள்ள ஆயில் அடிச்சுட்டே இருக்கும். காத்து நசுங்கறப்ப வர்ற சூட்டை ஆயில் வாங்கிக்கும், பொறவு செப்பரேட்டர்ல பிரிஞ்சு கூலருக்குப் போயிரும். கார் புளோயர்ல காத்துக்குள்ள ஆயில் கெடையாது. கியர் கேஸுக்குள்ள மட்டுந்தான் ஆயில். வர்ற சூடு பூராவும் காத்துலயே தங்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்க. சித்திரை மாசம் பானெட்டுக்குள்ள 40 டிகிரி. பிரஷர் ரேஷியோ (வெளிய வர்ற அழுத்தத்தை உள்ள போறதால வகுத்தது) 1.5. இதழ் மாதிரி ரோட்டர் வச்ச ரூட்ஸ் வகைக்குத் திறன் 55 சதவீதம்னு வச்சா, வெளிய வர்ற காத்து 110 டிகிரி. ஸ்க்ரூ வகையா இருந்து 70 சதவீதம் வந்தாக்கூட 95 டிகிரி. அந்தக் காத்தை 9க்கு 1 கம்ப்ரஷன்ல மறுபடியும் நசுக்குறோம். வெறும் டைமிங் கொறைச்சா சத்தம் தள்ளிப் போகும், எக்ஸாஸ்ட் சூடு ஏறும், மலையில வால்வு கருகும்.

தண்ணி இன்டர்கூலர் போடுங்க. அதுக்குத் தனி ரேடியேட்டர், தனி பம்ப். இன்ஜின் கூலன்ட்டோட சேத்துறாதீங்க, அது 90 டிகிரியில சுத்துற தண்ணி. நல்லா அமைஞ்சா 110 டிகிரி 60க்கு எறங்கும்.

இன்னும் மனசுல நிக்கிற வண்டி வேற. பெருந்துறைப் பக்கம் பைபாஸ்ல 90லயே அரை மணி நேரம் வந்த வண்டி, பூஸ்ட் முள் ஒரு தடவை கூட ஏறல. டீக்கடையில நிறுத்தி பானெட்டைத் தூக்கிப் புளோயர் மேல தண்ணியத் தெளிச்சா சுர்ருன்னுச்சு. புளோயரோட பைபாஸ் வால்வுக்கு (பூஸ்ட் வேண்டாதப்போ காத்தைச் சுத்தி விடறது) போற மெல்லிசு வேக்குவம் ஹோஸ்ல விரல் நகம் அளவு கீறல். வேக்குவம் வந்தாத்தான் அந்த வால்வு திறக்கும். இல்லேன்னா ஸ்பிரிங் அதை மூடியே வச்சிருக்கும். பூஸ்ட்டே வேண்டாத ஓட்டத்துலயும் புளோயர் காத்தை நசுக்கிட்டே வந்திருக்கு. மைலேஜும் போச்சு, ரோட்டர் கிளியரன்ஸும் கெட்டுப் போச்சு. சிலிகான் ஹோஸ் போட்டு ரெண்டு முனையிலயும் கிளிப் மாட்டுங்க. மாசம் ஒருக்கா கையால மடக்கிப் பாருங்க.

கணபதி லேத்

6 பி.எஸ்.ஐ-ன்னு எல்லாரும் எழுதறாங்க. எந்தப் புல்லியில, எந்த ஆர்.பி.எம்-லன்னு யாரும் எழுத மாட்டேங்கறாங்க.

1300 சிசி இன்ஜின் ஒரு சுத்துக்கு 650 சிசி இழுக்கும். சிலிண்டர் காத்துல நெறையறது 85 சதவீதம்னா 552. புளோயர் ஒரு சுத்துக்கு 500 சிசி. கிராங்க் புல்லி 140 மி.மீ., புளோயர் புல்லி 74 மி.மீ.ன்னா ரேஷியோ 1.89. அப்ப 945 சிசி, கசிவு போக 85 சதவீதம்னா 803. 803ஐ 552ஆல வகுத்தா 1.45. கோயம்புத்தூர் காத்தழுத்தம் சுமார் 14 பி.எஸ்.ஐ. அதுல 0.45 பங்கு, ஆக 6.3. 6500 ஆர்.பி.எம்-ல புளோயர் சுமார் 12,300 சுத்தும். ஆசைப்பட்டு 65 மி.மீ. புல்லி கடைஞ்சா பூஸ்ட் 9.2, சுத்து 14,000. அந்தச் சின்னப் புளோயருக்கு அதுக்கு மேல இடமில்ல. சூடு ஏறுனா முள் இன்னும் கொஞ்சம் எச்சாக் காட்டும். அது காத்து எச்சாப் போனதால இல்லைங்க.

பாத்த சங்கதி: 5200 ஆர்.பி.எம். வரைக்கும் 6ல நின்ன முள், சுத்து ஏற ஏற 4க்கு எறங்குச்சு. ரப்பர் கருகுற வாசம். நிறுத்திப் பாத்தா பெல்ட்டு வரிப்பள்ளம் கண்ணாடி மாதிரி மினுங்குது. புளோயர் புல்லியப் பெல்ட்டு சுத்திப் புடிச்சிருந்தது 110 டிகிரிதான். ஐட்லர் ஒண்ணு சேத்து 170 ஆக்குன பொறவு முள் அசையல. டென்ஷனர் எப்பவும் தளர்ந்த பக்கம், அதாவது பெல்ட்டு கிராங்க் புல்லிய விட்டு வெளிய வர்ற பக்கம். இழுக்குற பக்கம் வச்சா முழு பூஸ்ட்ல ஸ்பிரிங்கை மடக்கிட்டு நழுவும்.

புல்லி கடையறவங்களுக்கு: பி.கே. பெல்ட்டு பள்ளத்துக்குப் பள்ளம் 3.56 மி.மீ., கோணம் 40 டிகிரி. கண்ணளவுல கடைஞ்ச புல்லி ஆயிரம் கிலோமீட்டர்ல ஓரப்பள்ளம் ரெண்டையும் தின்னுரும்.

குன்னூர் ஏத்தம்

லேத்து அண்ணன் சொன்னதுல ஒண்ணு மட்டும் திருத்தணும். முள் எறங்குனாலே பெல்ட்டு நழுவுதுன்னு அர்த்தமில்லைங்க. மேட்டுப்பாளையத்துல 6.3 காட்டுன வண்டி ஊட்டியில 5 காட்டுச்சு. பெல்ட்டு மூணு தடவை இறுக்கி, கடைசியில புளோயரோட முன் பேரிங் கத்த ஆரம்பிச்சிருச்சு. பெல்ட்டுல ஒரு குத்தமும் இல்ல. ஊட்டி 2240 மீட்டர், அங்க காத்தழுத்தமே 11.2 பி.எஸ்.ஐ. அதுல 0.45 பங்கு 5தான் வரும். நழுவலா உயரமான்னு பிரிக்க ஒரே வழி: நழுவுனா குறிப்பிட்ட சுத்துக்கு மேல மட்டும் எறங்கும். உயரம்னா எல்லா சுத்துலயும் ஒரே பங்கு கொறையும்.

சங்ககிரி ஹவுசிங்

கேள்வி கேட்டவருக்கு இன்னும் யாரும் பதில் சொல்லல. 4.39 வேண்டாங்க. புளோயர் போட்ட வண்டிக்கு எதிர்ப்பக்கம் போகணும்.

கியர் பெட்டி விகிதம் 3.42, 1.89, 1.28, 0.91, 0.76ன்னு வச்சுக்குவோம். 175/70 ஆர்13 டயர், பாரத்தோட ஒரு சுத்துக்கு 1.75 மீட்டர். டாப்ல 100 கி.மீ. வேகத்துக்கு 4.39ல 3180 ஆர்.பி.எம்., 4.10ல 2970, 3.79ல 2740. பூஸ்ட் இருக்கோ இல்லையோ, கிராங்க் சுத்துறப்பெல்லாம் புளோயரும் சுத்தும். 4.39 போட்டா சேலம் பைபாஸ் பூராவும் அதைச் சும்மா சுத்த வைக்கறீங்க.

பாரம் கொறையாதான்னா, அரை த்ராட்டில்ல கொறையும். ஆனா முழுசா அமுக்குனா சிலிண்டருக்குள்ள இருக்கற பிரஷர் எந்தக் கியர்லயும் ஒண்ணுதான். உங்க நாக்கிங்கை ஃபைனல் டிரைவ் தீர்க்காது. ரிக் அண்ணன் சொன்ன மாதிரி சூட்டைக் கொறைச்சாத்தான் தீரும்.

3.79க்குப் போனா சக்கரத்துல 7.6 சதவீத இழுவை கொறையும். கீழ்ச்சுத்துல கசிவு அதிகம், பாதி பூஸ்ட்தான் வரும்னே வச்சாலும் காத்து 20 சதவீதம் எச்சா. கணக்கு நம்ம பக்கம்தான். கொண்டை ஊசியில 15ல திரும்பறப்ப முதல் கியர்ல 1850 ஆர்.பி.எம். நிக்குது, எழுந்து போகப் போதும். 6500 வரைக்கும் முதல் கியர் 49க்குப் பதில் 53, ரெண்டாவது 88க்குப் பதில் 95. முன்சக்கரம் முதல் கியர்ல சும்மா சுத்தறதும் அடங்கும்.

குளோஸ் ரேஷியோ பெட்டி (கியருக்குக் கியர் விகித இடைவெளி கம்மியானது) தேடறவங்களும் கேளுங்க. மேல சொன்ன பெட்டியில 6500ல ஒண்ணுல இருந்து ரெண்டு போட்டா 3590க்கு விழும். கேம் ஏத்துன இன்ஜினுக்கு அது பெரிய பள்ளம், அங்க இழுவையே இருக்காது. புளோயருக்கு அது பள்ளமே இல்ல. அந்தக் காசுல நல்ல கிளட்ச் வாங்குங்க. நாலாவது கியர்ல 2500ல இருந்து முழுசா அமுக்குங்க. வேகம் ஏறாம ஆர்.பி.எம். மட்டும் ஏறுனா கிளட்ச் போச்சு.

இந்த இழைக்கு வந்ததே ஒரு பழைய கான்டசா காருக்காக. பின்சக்கர ஓட்டம், அதனால கிரவுன் பினியன் (ஃபைனல் டிரைவோட பல்சக்கர ஜோடி) மாத்தறது சுலபம்னு நெனச்சுட்டாங்க. 70ல த்ராட்டிலை விட்டா ஊ...ன்னு ஒரு அழுகை, மறுபடி அமுக்குனா நிக்கும். ஹவுசிங்கைத் திறந்து பல்லுல மார்க்கிங் ப்ளூ தடவிச் சுத்திப் பாத்தா, தடம் பல்லோட அடிக்காலுல உக்காந்திருக்கு. கிரவுன் ஒரு செட்டு, பினியன் வேற செட்டு. ரெண்டுலயும் பொறிச்சிருந்த நம்பரே வேற. ஜோடியா தேய்ச்சு ஒண்ணுக்கொண்ணு பழகுன பல்லைப் பிரிச்சா எந்த ஷிம்மும் (இடையில வைக்கற மெல்லிசு தகடு) காப்பாத்தாது. ஜோடி சரியா இருந்தா பேக்லாஷ் (பல்லுக்குப் பல்லு விடற இடைவெளி) 0.10ல இருந்து 0.15 மி.மீ.க்குள்ள, டயல் வச்சு நாலு இடத்துல பாக்கணும். ஒரு இடத்துல மட்டும் பாத்துட்டு மூடறதுதான் நெறைய கெடுக்குது. நசுங்குற ஸ்லீவ் புதுசுதான் போடணும், பழசை மறுபடி இறுக்குனா பிரிலோடு (பேரிங்குக்குக் குடுக்கற முன்னிறுக்கம்) நிக்காது. பொறவு முதல் 500 கிலோமீட்டர் முழு த்ராட்டில் வேண்டாம். அது முடிஞ்சதும் ஆயிலை மாத்திருங்க, அடியில பொடி நிக்கும்.

கருமத்தம்பட்டி

ஆயில் டிப்ஸ்டிக் தானா எழும்பி பானெட்டுல டங்குன்னு அடிச்சுது, அடுத்த நொடி எக்ஸாஸ்ட் மேல ஆயில் சிந்தி புகை. பி.சி.வி. வால்வு (கிராங்க் கேஸ் ஆவியை மேனிஃபோல்டுக்கு விடறது) பழசு, பூஸ்ட் அது வழியா நேரா கிராங்க் கேஸுக்குள்ள போயிருக்கு. ஒருவழி வால்வு ஒண்ணு, 19 மி.மீ. பிரீதர் ஹோஸ், ஆயில் ஆவியைப் புடிச்சு வைக்கற கேட்ச் கேன். அவ்வளவுதான் வேலை. இதைப் பண்ணாம பின் ஆயில் சீலை ரெண்டு தடவை மாத்துனாங்க.

செட்டிபாளையம்

எல்லாரும் ரோட்டு வண்டின்னுதான் பேசறீங்க, அதனால சொல்லியே ஆகணும். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52. ஆர்.சி.யில இருக்கற விவரத்துக்கும் கம்பெனி கொடுத்த அமைப்புக்கும் மாறா வண்டிய மாத்தக் கூடாது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் இதைத்தான் உறுதி பண்ணுச்சு. விபத்துன்னு வந்தா இன்சூரன்ஸ்காரங்க முதல்ல பானெட்டைத்தான் தூக்குவாங்க. எதிர்ல வந்த குடும்பத்துக்கு எழுவது லட்சம் தீர்ப்பாச்சுன்னா யாரு கட்டறது? முழுசா அமுக்கிப் பாக்கணும்னா கரி மோட்டார் ஸ்பீட்வே ரேஸ் டிராக் இருக்கு. ட்ரெயிலர்ல ஏத்திக் கொண்டு வாங்க.

பிரேக் பத்தியும் ஒருத்தரும் எழுதல. திம்பம் ஏறுறவங்க எறங்கவும் வேணுமில்லைங்களா? புளோயர் இழுக்கறதுக்குத்தான், எறங்கறப்ப அது கை குடுக்காது. 3.79 போட்டா இன்ஜின் பிரேக்கும் அதே 7.6 சதவீதம் கொறையும். பிரேக் ஆயில் தண்ணி இழுத்துக்கும், ரெண்டு வருசம் ஆனதை வச்சுக்கிட்டு 27 வளைவு எறங்குனா பெடல் தரைக்குப் போகும். டாட் 4 புதுசா ஊத்திக் காத்தெடுத்துட்டுத்தான் பண்ணாரி தாண்டணும்.

சத்தி ரோடு

எல்லாருக்கும் நன்றிங்க. செட்டிபாளையம் அண்ணன் சொன்னது கசக்குது, ஆனா சரி. இனி இந்த வண்டி சோதனைக்கு ட்ராக்குக்குத்தான் போகும்.

கம்ப்ரஷன் பாத்தாச்சு. மத்த மூணு சிலிண்டரும் 175 பி.எஸ்.ஐ, மூணாவது 160. பிஸ்டனைக் கழட்டுனதுல மேல் ரிங்குக்கும் ரெண்டாவது ரிங்குக்கும் நடுவுல மயிரிழை விரிசல். ரெகுலேட்டர் ஹோஸ் மாட்டியாச்சு. பிளக் ஒரு படி கூல், இடைவெளி 0.7. பி.எஸ்.ஐ-க்கு ஒரு டிகிரின்னு 6 டிகிரி பின்னுக்குத் தள்ளியாச்சு. பங்க்ல இப்போ இ20தான் (20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்) வருது, அதனால மீட்டர்ல விகிதத்தைப் பாக்காம லாம்டா (கலவை அளவு, 1க்குக் கீழன்னா பெட்ரோல் எச்சா) பாத்து முழு பூஸ்ட்ல 0.80ல நிறுத்தியிருக்கு. இன்ஜெக்டர் நிமிசத்துக்கு 240 சிசி. தண்ணி இன்டர்கூலருக்கு ரேடியேட்டர் மாட்ட முன் பம்பருக்குள்ள 40 மி.மீ. இடந்தான் கெடைக்குது, அதுல எது உக்காரும்னு ரிக் அண்ணன் சொல்லணும்.

3.79 செட்டு எடுத்து வச்சாச்சு. பல் எண்ணிப் பாத்துட்டேனுங்க: பினியன் 19, ரிங் 72.